வழியில் நின்றவன்

கண் விழித்ததும் நாச்சியார் வழக்கம்போல நேற்றைக் கேட்டாள்.

"நேத்து" என்று முணுமுணுத்தால் போதும். காதில் கிடக்கும் செவிமணி விழித்துக்கொள்ளும். கண்ணில் ஒட்டியிருக்கும் விழிப்படலத்தில் முந்தின நாள் ஓடத் தொடங்கும். சாவியை எங்கே வைத்தோம், யாருக்கு என்ன சொல்லி அனுப்பினோம், எதை ஊறப்போட்டோம் எல்லாம் பல் தேய்த்து முடிப்பதற்குள் கைக்கு வந்துவிடும். கயத்தாற்று மேட்டுக் குடியிருப்பில் மட்டுமில்லை, எந்த ஊரிலும் இப்போது இப்படித்தான் பொழுது விடிகிறது. தலைக்குள் எதையாவது சுமந்துகொண்டு அலைகிற வேலையை மனிதர்கள் விட்டு ரொம்ப காலமாயிற்று. எல்லாம் வெளியே பத்திரமாகக் கிடக்கும்போது தலை எதற்கு மெனக்கெட வேண்டும்?

நேற்று முழுக்க அம்மாவின் சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள்தான். வாசலில் செருப்பை விட்டார்கள், நாச்சியாரின் கையைப் பிடித்தார்கள், கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஆளாளுக்குத் தன் படலத்தில் அம்மாவை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி திடீரென்று சிரித்தாள். மூலையிலிருந்த ஒரு பெரியவர் தேம்பினார். எதற்குச் சிரித்தாள், எதற்குத் தேம்பினார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். போகும்போது அந்தப் பெரியவர் மட்டும், "புஷ்பத்தம்மா போய்ச் சேந்துட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். நாச்சியாருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. எங்கே போய், யாரோடு சேர்ந்தாளாம்?

அம்மாவின் முழுப்பெயர் தங்கபுஷ்பம். கடல் ஏறித் தூத்துக்குடியில் பாதித் தெருக்கள் உப்புத்தண்ணீருக்குள் போன காலத்தில், புருஷனையும் மூத்தவன் அழகுவையும் கூட்டிக்கொண்டு இந்த மேட்டுக்கு வந்தவள். வந்த முதல் வருஷம் முகாமில் அடுப்பு கிடையாது. அரசாங்கம் கொடுத்த பொட்டலம் வாயில் வைக்க விளங்காது. அம்மா யாரையும் கேட்காமல் மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்தாள். சுற்றியிருந்த கூடாரங்களிலிருந்து ஆளுக்கு ஒரு கை அரிசியோடு வந்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் பொதுப்பந்தி. அதன்பிறகு கல்யாணமா, தண்ணீர்க்குழாய்ச் சண்டையா, மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை இல்லையா, எல்லாம் அம்மாவின் பந்தியில்தான் தீரும். யார் வீட்டு வழக்கென்றாலும் முதலில் சாப்பிட வைப்பாள். வயிறு நிறைந்தவனுக்குச் சண்டை போடப் பாதித் தெம்பு போய்விடும் என்பது அவளுடைய கணக்கு.

வாய் மட்டும் கொஞ்ச நஞ்சமில்லை. வீட்டை நடத்துகிற கணினிக்கு அவள் வைத்த பெயர் 'வேலையத்த மூதி'. அது மரியாதையாக "வணக்கம், அம்மா" என்று ஆரம்பித்தால், "வணக்கம் கெடக்கட்டும், கதவைத் தொற" என்பாள். இதையெல்லாம் நாச்சியார் இந்தச் சில நாட்களாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிறாள். சோறு தொண்டையில் இறங்கவில்லை, ஆனாலும் பார்க்கிறாள். காரியத்தன்று மதியம் வரைதான் பார்க்க முடியும். அதற்குப்பின் மூடல்.

மூடல் என்று சட்டம் போட்டவர்களைச் சும்மா குறை சொல்லிவிட முடியாது. செவிமணி வந்த புதிதில், செத்தவர்களைப் பார்த்துக்கொண்டே படுத்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. பெண்டாட்டியை இழந்தவன் பழைய தீபாவளிகளுக்குள் போய்க் கிடந்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் படலத்துக்குள்ளேயே செத்தார்கள். ஊர் ஊராக வீடுகள் அப்படி அணைந்தன. அதனால்தான் இந்த ஏற்பாடு. காரியம் முடிகிற அன்று இறந்தவரின் பதிவுகள் எல்லார் செவிமணியிலும் மூடப்படும். அவர் நின்ற இடத்தில் ஒரு சாம்பல் படர்ந்துவிடும். அவர் பெயரைக்கூட மணி காதுக்குள் விடாது, விழுங்கிவிடும். இருக்கிறவர்கள் பிழைக்க வேண்டுமே!

அப்பாவுக்கு மூடல் ஆனபோது நாச்சியார் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. சில வருஷம் கழித்து ஒருநாள் அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. கல்யாணப் பதிவில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற்கிறது, அதுதான் அப்பா. பதறிப்போய்த் தலைக்குள் தேடினாள். தேடிப் பழகாத தலை, அது எதைத் தரும்? ஒரு மீசை இருந்த ஞாபகம். அதுவும் அவருடையதுதானா என்று நிச்சயமில்லை. அம்மாவும் இப்படி ஆகிவிடுவாள் என்கிற பயம்தான் அவளை இப்போது ஆட்டிவைத்தது. முழு அம்மாவும் வேண்டாம், முகம்கூடப் போனால் போகிறது. அம்மா தன்னைக் கூப்பிடுகிற அந்தக் குரல் ஒன்றை மட்டும் எப்படியாவது தலைக்குள் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அது போதும்.

"அம்மா என்னையக் கூப்பிடுறது" என்று கேட்டாள்.

படலம் கொட்டியது. சமையலறையிலிருந்து, மாடியிலிருந்து, பந்தியின் இரைச்சலுக்கு நடுவிலிருந்து, சிரித்துக்கொண்டு, கோபமாக, "நாச்சி!" "நாச்சி!" "நாச்சி!" கேட்கக் கேட்க ஆனந்தமாக இருக்க வேண்டியது. ஆனால் எங்கோ உதைத்தது. இது அம்மா குரல்தான், ஆனால் அம்மா கூப்பிடுகிற விதம் இதில்லை. அம்மா இப்படி நேரே வந்து அவள் பெயரில் இறங்க மாட்டாள். பழகாத தலையின் எந்த மூலையிலிருந்தோ ஒன்று எழும்பி வந்தது:

"ஏ அழகு... துரை... ச்சே, நாச்சி!"

அதேதான்! வாய் தடுக்கித் தடுக்கி, கடைசியில் தன் மேலேயே ஒரு எரிச்சலோடு வந்து விழுகிற தன் பெயர். நாச்சியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படிக் கூப்பிடுவதைத் தேடித் தரச் சொன்னாள். அப்படி ஒரு பதிவு இல்லை என்றது மணி.

அண்ணன் அழகு முற்றத்தில் காரியத்துக்கு வந்த வாழை இலைகளைக் கிழிசல் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான். அவளைவிட நிறைய வருஷம் மூத்தவன். குடிநீர்க்குழாய் வாரியத்தில் வேலை. எதற்கும் அசையாத ஆள்.

"அண்ணே, அம்மா என்னைய எப்படிக் கூப்பிடுவா?"

"நாச்சின்னுதான். வேற எப்படிக் கூப்பிடுவா, மகாராணின்னா?"

"நேரா அப்படிக் கூப்பிட மாட்டாளே. மொதல்ல ஒம்பேரு வரும். அப்புறம் துரை. அப்புறந்தான் நான்."

"அப்புறம் யாரு?"

"துரை."

"யாரு?"

"துரைண்ணே, துரை!"

அழகு இலையைக் கீழே வைத்தான். "என்னட்டி, வாயை மட்டும் அசைக்க? கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?"

நாச்சியாருக்குப் பொறி தட்டியது. தன் குரல் தனக்கு உள்ளே எலும்பு வழியாகக் கேட்டுவிடும், அதை மணி தொடாது. அடுத்தவர் காதுக்குள் போகும்போதுதான் திருத்தும். திக்கினால் திக்கலை எடுத்துவிடும், பெயர் மாறிச் சொன்னால் சரியான பெயரைப் போட்டுவிடும். அந்த வேலைக்குத் திருத்தி என்று பெயர். அது எல்லாருக்கும் வசதிதான். ஆனால் சொன்ன சொல் இப்படி அடியோடு காணாமல் போவதென்றால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு.

"மணியைக் கழத்து."

"எதுக்கு?"

"கழத்துங்கேன்லா!"

அவன் கழற்றினான். அவள் அவன் காதருகே போய், "துரை" என்றாள்.

"துரையா? எந்தத் துரை? எங்க ஆபீஸ்ல ஒரு துரை உண்டு."

"அந்தத் துரையச் சொன்னா மணி முழுங்காது. நாம எந்தத் துரையச் சொல்லுதோம்னு அதுக்குத் தெரியும். இது மூடுன பேருண்ணே. நம்ம வீட்டுல மூடுன பேரு."

"அப்பாவைத் தவிர நம்ம வீட்டுல யாருட்டி செத்தா?" என்றான் அழகு. அதோடு நிறுத்திக்கொண்டு மணியை மாட்டிவிட்டு இலைகளிடம் போய்விட்டான். ஆனால் அன்று முழுக்க அவன் நல்ல இலைகளையும் கிழிந்த இலைகளையும் ஒரே கட்டில் வைத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

அவளாலும் அதற்குமேல் போக முடியவில்லை. மணியிடம் துரை என்று கேட்டால், "மூடிய பதிவு, திறக்க இயலாது" என்றது. ஒருவேளை தானே கற்பனை பண்ணிக்கொண்டோமோ என்றும் சந்தேகம் தட்டியது. பதிவில் இல்லாத ஒன்றைத் தலை மட்டும் சொல்கிறது, தலையை யார் நம்புவார்கள்? அம்மாவிடம் கேட்கலாம் என்று ஒரு கணம் எழுந்தேவிட்டாள். எழுந்தபிறகுதான் உறைத்தது. மறுபடி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

காரியத்தன்று காலையில் தலைமுழுக்கு. சாவு விழுந்த வீட்டில் அதுவரை யாரும் தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. அன்றைக்குத்தான் நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு முழுகித் துக்கத்தைக் கழிக்க வேண்டும். உச்சியில் முதல் எண்ணெயை வீட்டில் பெரியவர்கள் வைப்பது வழக்கம். வைக்க வேண்டியவளே போய்விட்டாள். அதனால் நாச்சியாரே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். அழகு மனைப்பலகையில் உட்கார்ந்து மணியைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான். எண்ணெய் பட்டால் செவிமணி பாழ். அது வந்த நாளிலிருந்து இன்றுவரை எவனும் அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை.

அவளும் கழற்றி வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

அடடா! எண்ணெய்க் குளியல்! ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மா எண்ணெயைக் காய்ச்சி வைத்துக்கொண்டு பின்கட்டிலிருந்து கூப்பிடுவாள். அதற்கு முன்பே மணியைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் ஒன்று விழும். வாரம் முழுக்கத் திருத்தியின் வழியாக வந்த அம்மா, அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் பச்சைக் குரலில் வருவாள். மணி இல்லாத நேரம், அதனால் பதிவும் இல்லை. தலை பொய் சொல்லவில்லை.

"என்னட்டி, நிக்க?" என்றான் அழகு.

அவள் கிண்ணத்தைச் சாய்த்தாள். எண்ணெயைக் குழித்த கையில் ஊற்றி அவன் உச்சியில் வைத்தாள். அம்மா மாதிரியே உள்ளங்கையால் தொம்தொம்மென்று தட்டினாள். காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றிப்பொட்டில் என்று அழுத்தித் தேய்த்தாள்.

"மெதுவாட்டி. மண்டை கலங்குது."

எண்ணெய் நெற்றியில் வழிந்தது. அவன் துடைக்கக்கூட இல்லை. ரொம்ப நேரம் கழித்து, தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிறவன் குரலில் சொன்னான்: "நாச்சி. எனக்கு முன்னால ஒருத்தன் உக்காந்திருப்பான்."

"எங்க?"

"தூத்துக்குடி வீட்டுல. இப்படித்தான். அம்மா எனக்குத் தேச்சுக்கிட்டு இருப்பா, நான் அவனுக்குத் தேப்பேன். சின்னத் தலை. உச்சியில ரெட்டைச் சுழி. அம்மா சொல்லுவா, 'நல்லா தேயிலே, ரெண்டு பொண்டாட்டி கட்டப்போற தலை'ம்பா. அவன் பொண்டாட்டி வேண்டாம்னு அழுவான்." அழகு தன் கைகளைப் பார்த்தான். "அந்தத் தலை இந்தக் கைக்குள்ள இருந்துச்சுட்டி. நான் கனவுன்னு நெனச்சேன். இத்தனை நாளும் அது ஏதோ கனவுன்னே நெனச்சிருக்கேன்."

"அண்ணே..."

"முகாமுக்கு வண்டியில வந்தது நாலு பேரு. அப்பா, அம்மா, நான், அவன். வழியெல்லாம் என் மடியிலதான் தூங்குனான். கூடாரத்துல எல்லாருக்கும் காய்ச்சல் வந்துச்சு. எனக்கும் வந்துச்சு. எனக்குச் சரியாயிட்டு." ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன், எதற்கும் அசையாதவன், எண்ணெய் வடியும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். "எந்தம்பிட்டி. எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனை எப்படிட்டி மறந்தேன்?"

நாச்சியார் அவன் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவள் பிறப்பதற்கு முன்பே போன பிள்ளை. அப்படியொருவன் இருந்ததற்கு இந்த உலகத்தில் இருந்த சாட்சியெல்லாம் அம்மாவின் தடுக்கி விழுந்த நாக்கு ஒன்றுதான். அண்ணனின் தோள் குலுங்கக் குலுங்க, அவளுக்கும் இன்னொன்று வந்தது. அவள் சின்னப்பிள்ளையாக இதே பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் எண்ணெய் எரிகிறது. "யாரும்மா துரை?" என்று கேட்கிறாள். அம்மாவின் கை உச்சியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு மறுபடி தேய்க்கிறது.

"ஒன்னத் தேடித்தான் வந்தேன். வழியில அவன் நின்னான்."

நாக்கு தடுக்கியதற்கு அவ்வளவுதான் காரணம் சொன்னாள். குளித்து முடித்து மணியை மாட்டியதும் நாச்சியாரும் கேட்டதை மறந்துபோனாள்.

மதியம் மூடல் அலுவலகத்திலிருந்து ஜெபராணி என்ற பெண் வந்தாள். நல்ல மாதிரிப் பெண்தான். வாசலிலேயே செருப்பை விட்டு, அம்மா படத்துக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். படத்தை அதற்குப்பின் சுவரில் வைக்கக் கூடாது என்பதையும் தணிவாகச் சொன்னாள். கூடத்தில் நாச்சியாரின் மகள் வெண்ணியும் பந்திக்கு வந்தவர்களும் கடைசித் தடவையாகக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆரம்பிக்கலாமாக்கா?"

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் நாச்சியார். "எங்கம்மா பேசுன பச்சைக் குரல், திருத்தி தொடாதது, எங்கயாவது கெடக்குமா?"

"இல்லக்கா. திருத்துனதுதான் பதிவுல சேரும். பச்சையா எதுவும் நிக்காது."

"மூடுன பிள்ளையப் பத்தி ஏன் எங்கம்மா எங்ககிட்டச் சொல்லல?"

ஜெபராணி ஏதோ புரிந்துகொண்டவளாகக் குரலை இன்னும் தாழ்த்தினாள். "வீட்டுல வேற பிள்ளை இருந்தா, அதுகிட்டப் பேச வேண்டாம்னு நாங்கதான் சொல்லுவோம். பேசப்பேச அது தேட ஆரம்பிச்சிரும். அப்ப எல்லாம் கூடப்பொறந்தது செத்துட்டா, மிச்சப் பிள்ளை சாப்பிடாமப் படலத்துக்குள்ளயே கெடந்து..." அழகு நிமிர்ந்து பார்த்ததும் அவள் நிறுத்திவிட்டாள்.

யாருக்காக அம்மா வாயைக் கட்டினாள் என்பது அழகுவுக்கு அப்போது தெரிந்துபோயிற்று. அவன் எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நாச்சியாருக்குத்தான் ஆற்றமாட்டாமல் வந்தது. "வாயைக் கட்ட முடிஞ்சுச்சு, நாக்கைக் கட்ட முடியலையே அவளால! என்னையக் கூப்பிடும்போதெல்லாம் அவன் பேரு வந்துச்சு. இந்த வீட்டுல, இந்தக் கூடத்துல, நாங்க எல்லாரும் சுத்தி உக்காந்துக்கிட்டு இருக்கும்போதே. தெனமும் எத்தனை தடவை சொல்லியிருப்பா? ஒருத்தர் காதுலயும் விழல. அவ காதுக்கு மட்டும் கேட்டிருக்கு. பெத்த பிள்ளை பேரைத் தானே சொல்லி, தானே கேட்டுக்கிட்டு, 'ச்சே'ன்னுட்டு எங்களுக்குச் சோறு போட்டிருக்கா. நாங்க 'என்னம்மா'ன்னு போய் நின்னுருக்கோம். என்ன பொழப்புத் தாயீ இது?"

கூடத்தில் சிலர் கண்ணைத் திறந்தார்கள். அவர்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். ஜெபராணி ஒரு கையால் காதிலிருந்து மணியைக் கழற்றி மடியில் வைத்தாள். பணியில் இருக்கும்போது அவர்கள் அதைச் செய்யக் கூடாது.

"அந்தப் பேரைச் சொல்லுங்கக்கா. கேக்கேன்."

"துரை" என்றாள் நாச்சியார்.

"துரை" என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மடியிலிருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, தன் வேலையைச் செய்யத் தயாரானாள்.

மூடும் நேரத்தில் எல்லாரும் கடைசியாக ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்வார்கள். நாச்சியார் பிடிக்கவில்லை. அவளும் அழகுவும் மணியைக் கழற்றிவிட்டுப் பின்கட்டில், ஈரம் காயாத பலகைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். "ஏ அழகு, துரை, ச்சே, நாச்சி" என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தன் குரலில்தான் வந்தது. அம்மா குரலில் ஒருதரம்கூட வரவில்லை. "ச்சே"யை அம்மா எப்படி இழுப்பாள், மேலேயா கீழேயா? காலையில்கூட இருந்தது. பிடிக்கப் பிடிக்க நழுவியது. கூடத்திலிருந்து மொத்தமாக ஒரு பெருமூச்சு கேட்டபோது மூடல் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

பந்தியில் பக்கத்து வீட்டு ரத்தினக்கிளி சாம்பாரை வாயில் வைத்ததும், "என்ன இருந்தாலும் கைப்பக்குவம் வராது" என்றாள். யாருடைய கைப்பக்குவம் என்று அவள் சொல்லித்தான் இருந்தாள். நாச்சியார் மறுபடி மணி மாட்டியிருந்ததால் அந்த இடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும், எல்லாரையும் உட்காரவைத்துச் சோறு போட்டவளின் பெயர் விழுந்த அந்தச் சின்ன ஓட்டையைத் தாண்டி மோரை வாங்கிக்கொண்டார்கள்.

அதன்பிறகு நாட்கள் அது பாட்டுக்குப் போயின. காலையில் நேற்றைக் கேட்டாள். நேற்றில் அம்மா இல்லை. பழைய பதிவுகளில் ஒரு சாம்பல் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தது. அழகு துரையைப் பற்றிப் பேச ஆசைப்பட்டான், அதை இருவரும் மணியைக் கழற்றிவிட்டு நேரில்தான் பேச வேண்டியிருந்தது. அதற்காகவே வாரத்துக்கு ஒருமுறை வண்டி ஏறி வந்தான். அம்மாவின் குரலைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. அது போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. வேண்டுமென்று கேட்டது ஒரே ஒரு கூப்பாடு, அதைக்கூட வைத்துக்கொள்ளத் துப்பில்லை.

ஒருநாள் சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கல் காய்ந்து புகைந்தது. மகள் வெண்ணி மாடியில் என்ன செய்கிறாளோ, தட்டு காலியாகக் கிடக்கிறது. நாச்சியார் கரண்டியும் கையுமாகத் திரும்பி எரிச்சலோடு கத்தினாள்:

"ஏ அழகு... துரை... ச்சே, வெண்ணி!"

கத்திய வாய் அப்படியே நின்றுவிட்டது. 'ச்சே' கீழே போய்த்தான் ஏறியது. இழுப்பு, எரிச்சல், கடைசிப் பெயரில் வந்து விழுகிற வேகம், எல்லாமே அதுதான். தலைக்குள் எங்கே தேடியும் கிடைக்காதது தொண்டையில் உட்கார்ந்திருந்திருக்கிறது. உள்ளே எலும்பு வழியாக அம்மா அவளுக்குக் கேட்டாள்.

"என்னம்மா?" என்று வெண்ணி இறங்கி வந்தாள். காதில் மணி. அவளுக்குக் கேட்டது தன் பெயர் மட்டும்தான். "ஏம்மா அழுத? பொகையா?"

"பொகைதான். உக்காரு" என்றாள் நாச்சியார். தோசை தீய்ந்துபோயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எண்ணெய் காய்ச்சினாள். இந்தக் காலத்தில் யாரும்மா இதெல்லாம் செய்வார்கள் என்று வெண்ணி சிணுங்கினாள். காதில் கிடந்ததைக் கழற்றி மாடத்தில் வைக்கும்வரை நாச்சியார் விடவில்லை. பிறகு தன்னுடையதையும் கழற்றி வைத்து, வேண்டுமென்றே அவளைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பின்கட்டில் நின்று கூப்பிட்டாள். வேண்டுமென்று கூப்பிட நினைத்தாளே தவிர, வாயைத் திறந்ததும் அது தானாகவே தடுக்கித் தடுக்கி வந்தது.

வெண்ணி கதவருகே வந்து நின்றாள். முகத்தில் ஒரு விசித்திரம். பலகையில் உட்கார்ந்தாள். எண்ணெய் உச்சியில் விழுந்தது.

"யாரும்மா துரை?"

நாச்சியாரின் கை ஒரு நிமிஷம் நின்றுவிட்டு மறுபடி தேய்த்தது.

"ஒன்னத் தேடித்தான் வந்தேன். வழியில அவன் நின்னான். உங்க மாமா. அழகு மாமாவுக்கு இளையவன். உச்சியில ரெட்டைச் சுழி இருக்கும்."

வெண்ணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தாள். எண்ணெய் காதோரமாக இறங்கியது.

"அவுக மட்டுந்தான் நிக்காகளா? ஆச்சி இல்லையா அங்க?"

"இருக்கா" என்றாள் நாச்சியார். "அவனைத் தேடித்தான போனா. போய்ச் சேந்துட்டா."